கணப்பு அடுப்பு மக்கர் பண்ணினால் எங்கே தேடுவது

"அடுப்பு சரியில்லை" என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "விறகு எப்போது பிளந்தது?" என்பதுதான். பெரும்பாலும் பதில் வராது. விற்றவர் காய்ந்தது என்று சொன்னார், வாங்கினோம், அடுக்கினோம், அவ்வளவுதான். அடுப்பு இரும்பாகக் கண்ணெதிரே நிற்பதால் பழியெல்லாம் அதன் தலையில் விழுகிறது. என் அனுபவத்தில் தேட வேண்டிய வரிசையே வேறு: முதலில் விறகு, அடுத்து காற்று, பிறகு புகைபோக்கி, அதன்பின் வீடு. அடுப்பு கடைசி.

இங்கே நான் பேசுவது குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும், கண்ணாடிக் கதவு போட்ட, மூடிய இரும்புக் கணப்பைப் பற்றி. சுவரில் திறந்து கிடக்கும் பழைய கணப்பின் கதை வேறு.

அறிகுறிகளுக்குள் போகுமுன், உள்ளே நடப்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கட்டையைத் தீயில் போட்டால் முதலில் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிறது. 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் கட்டையே சிதைந்து வாயுவாகக் கசியத் தொடங்குகிறது. நாம் பார்க்கும் சுவாலை அந்த வாயு எரிவதுதான். அது முழுசாக எரிய ஏறக்குறைய 600 டிகிரி சூடும் போதுமான காற்றும் வேண்டும். கடைசியில் மிஞ்சும் கரி தணலாகக் கனன்று தீர்கிறது. விறகு தரும் சூட்டில் பாதிக்கு மேல் இருப்பது அந்த வாயுவில். அது எரியாமல் வெளியேறினால் அதற்குப் பெயர் புகை. நெருப்பில்லாமல் புகையாது என்பது ஊர்ப்பேச்சுக்குச் சரி. கணப்புக்கு அதைப் புரட்டிப் போட வேண்டும்: நெருப்பு போதாததால்தான் புகைகிறது.

கையில் மூன்று சாமான்கள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஊசி வைத்த ஈரமானி ஒன்று, புகைக்குழாயில் ஒட்டவைக்கும் காந்த வெப்பமானி ஒன்று, கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று. முதல் இரண்டும் இல்லாமல் சமாளிக்கலாம். மூன்றாவது இல்லாமல் அடுப்பையே பற்றவைக்காதீர்கள்.

இந்த இரண்டுக்கும் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள்

அலாரம் அடிக்கிறது. அல்லது வீட்டில் இருப்பவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். வெளியே போனால் தேவலை போலிருக்கிறது. இது கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். நிறமும் இல்லை, மணமும் இல்லை. எல்லோரும் உடனே வெளியே போங்கள், அங்கிருந்து அவசர உதவியைக் கூப்பிடுங்கள். காரணம் தேட உள்ளே திரும்பாதீர்கள். புகையே இல்லாமலும் இது வரும் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். சுவாலை அடங்கித் தணல் மட்டும் இருக்கும் கட்டத்தில் கண்ணுக்குப் புகை தெரியாது, ஆனால் கரி இந்த வாயுவைத் தாராளமாகக் கக்கும். அதே நேரத்தில் புகைபோக்கியும் ஆறிக்கொண்டிருப்பதால் இழுவை குறைந்திருக்கும். "தணல்தானே, மூடிவிட்டுப் படுக்கலாம்" என்று காற்றை அடியோடு அடைப்பது இதனால்தான் ஆபத்து.

இரண்டாவது, புகைபோக்கியில் ரயில் போவது மாதிரி இரைச்சல், குழாய் அதிர்கிறது, கூரைமேல் தீப்பொறி பறக்கிறது. உள்சுவரில் படிந்த கிரியோசோட், அதாவது எரியாத புகை உறைந்த தார், பற்றிக்கொண்டுவிட்டது. அடுப்புக் கதவையும் எல்லாக் காற்றுத் திறப்புகளையும் மூடுங்கள், ஆட்களை வெளியேற்றுங்கள், தீயணைப்புத் துறையை அழையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், உள்ளே சூடு 1000 டிகிரியைத் தாண்டியிருக்கலாம், தண்ணீர் பட்டால் குழாயும் அதன் உள்ளே பதித்த சுடுமண் ஓடுகளும் விரிசல் விடும். தானாக அடங்கிவிட்டாலும் சரி, தகுதியுள்ள ஒருவர் உள்ளே பார்த்துச் சொல்லும்வரை மறுபடி தீ மூட்டக் கூடாது.

இனி வருவதெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம்.

பற்றவைத்ததும் அறைக்குள் புகை

புகைபோக்கி என்பது சூட்டால் ஓடும் எஞ்சின். உள்ளே சூடான காற்று லேசாகி மேலே போகிறது, அந்த இடத்தை நிரப்ப அடுப்பு வழியாகக் காற்று வருகிறது. ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த புகைபோக்கியில், முக்கியமாக வீட்டுச் சுவருக்கு வெளியே நிற்கும் புகைபோக்கியில், கனமான குளிர்காற்று அடைப்பான் மாதிரி உட்கார்ந்திருக்கும். சில நாள் அது கீழ்நோக்கியே இறங்கும்.

1740களில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வடிவமைத்த அடுப்பு இதே இடத்தில்தான் தடுக்கி விழுந்தது. அதில் புகை முதலில் கீழே இறங்கி, வளைந்து, பிறகு மேலே ஏற வேண்டும். பாதை சூடாக இருந்தால் ஏறும். ஆறிவிட்டால் அறைக்குத் திரும்பிவிடும். பின்னால் அமெரிக்க வானியலாளர் டேவிட் ரிட்டன்ஹவுஸ் புகை நேராக வெளியேறும்படி அதைத் திருத்தினார். இவ்வளவு பெரிய மூளைக்காரர்களையே குளிர்ந்த புகைபோக்கி ஏமாற்றியிருக்கிறது, நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சோதனை எளிது. அடுப்பு ஆறியிருக்கும்போது கதவைத் திறந்து, ஒரு தீக்குச்சியைப் பற்றவைத்து ஊதி அணைத்து, அந்தப் புகையை வாசலில் பிடியுங்கள். உள்ளே போனால் நல்லது. உங்கள் முகத்தை நோக்கி வந்தால் காற்று இறங்குகிறது. அடுத்து, பக்கத்தில் இருக்கும் ஜன்னல் ஒன்றை இரண்டு விரற்கடை திறந்து மறுபடி பிடித்துப் பாருங்கள். இப்போது புகை திசை மாறினால் கோளாறு புகைபோக்கியில் இல்லை, வீட்டில் இருக்கிறது: சமையலறை எக்சாஸ்ட் விசிறியோ, குளியலறை விசிறியோ, துணி உலர்த்தும் இயந்திரமோ வீட்டுக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது, வீடு அந்தக் காற்றைப் புகைபோக்கி வழியாகத் திரும்ப இழுக்கிறது. விசிறியை நிறுத்திவிட்டுப் பற்றவையுங்கள். இடைவெளியே விடாமல் கட்டிய புது வீடுகளில், அடுப்புக்கென்று வெளிக்காற்றுக் குழாய் தனியாகப் போடாமல் இது தீராது.

ஜன்னலைத் திறந்தும் புகை இறங்கினால் புகைபோக்கியைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ஒரு தாள் செய்தித்தாளைத் தளர்வாகச் சுருட்டி, அடுப்பின் உச்சியில், புகை வெளியேறும் வாய்க்குப் பக்கத்தில் வைத்து எரித்தால் போதும். "புஸ்" என்று மேலே இழுக்கும் சத்தம் கேட்கும்.

தீ மூட்டும் முறையையும் மாற்றிப் பாருங்கள். கீழே சுள்ளி, மேலே கட்டை என்றுதான் நமக்குப் பழக்கம். மூடிய கணப்பில் தலைகீழாக அடுக்குவது மேல்: அடியில் இரண்டு மூன்று பிளந்த கட்டை, அதன்மேல் விரல் பருமன் சுள்ளிகள் குறுக்கும் நெடுக்குமாக, உச்சியில் தீமூட்டி. மேலேயிருந்து பற்றவைத்தால் தீ மெழுகுவர்த்தி மாதிரி கீழே இறங்கும். கீழ்க்கட்டையிலிருந்து கசியும் வாயு சுவாலையைக் கடந்தே போக வேண்டியிருப்பதால் எரிந்துவிடுகிறது, புகைபோக்கியும் முதல் நிமிஷத்திலேயே சூடாகிறது. நான் இதை நம்பாமல் ஒரு பருவம் முழுக்கக் கீழேயிருந்தே மூட்டிக்கொண்டிருந்தேன். நம்பியிருந்தால் அறையின் உட்கூரை இவ்வளவு கறுத்திருக்காது.

காற்று வீசும் நாளில் மட்டும் புகை திரும்புகிறது என்றால் புகைபோக்கியின் உயரத்தைப் பாருங்கள். பரவலாகப் பின்பற்றும் கணக்கு: கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து குறைந்தது 0.9 மீட்டர், கிடையாக 3 மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட 0.6 மீட்டர் உயரம்.

சீறுகிறது, நுனியில் நுரை தள்ளுகிறது, சூடே ஏறவில்லை

ஈர விறகு. வேறு எங்கும் தேட வேண்டாம்.

என் கதையையே சொல்கிறேன். இரண்டு வருஷம் காய்ந்தது என்று உறுதியாகச் சொல்லி ஒருவர் ஒரு லோடு விறகு இறக்கினார். நுனியில் விரிசல் இருந்தது, பட்டை உரிந்துகொண்டிருந்தது, பார்க்க ஜோராக இருந்தது. ஈரமானியை வெட்டு முகத்தில் வைத்தேன்: 17. சந்தோஷம். ஆனால் அடுப்பு சீறியது. கதவிடுக்கை அடைக்கும் கயிறை மாற்றினேன், உள்தடுப்பைக் கழற்றி மாட்டினேன், குழாயைத் தட்டிப் பார்த்தேன், இரண்டு வாரம் குளிரில் போனது. கடைசியில் ஒரு கட்டையைக் கோடாலியால் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில் ஊசியை அழுத்தினேன். எண் 34க்கு ஏறி நின்றது. உள்முகத்தில் கன்னத்தை வைத்தால் ஜில்லென்று இருந்தது. வெளியே காய்ந்து உள்ளே பச்சையாக இருந்திருக்கிறது. கட்டையாகக் கிடந்த இரண்டு வருஷத்தைக் கணக்கில் சேர்த்திருக்கிறார். பிளந்தது அந்த மாதம்தான்.

ஆகவே அளக்கும் முறை இது. கட்டையை ஒரு நாள் வீட்டுக்குள் வைத்துக் குளிர் விடச் செய்யுங்கள். உறைந்த கட்டையில் மீட்டர் குறைத்துக் காட்டும். பிளந்து, புதிய முகத்தின் நடுவில், நார் ஓடும் திசையிலேயே இரண்டு ஊசியும் அமையும்படி குத்துங்கள். ஒன்றோடு நிறுத்தாமல் அடுக்கின் வெவ்வேறு இடங்களிலிருந்து நான்கைந்து கட்டையைப் பாருங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் எரிக்கலாம்.

இந்த 20இல் ஒரு குழப்பம் உண்டு. மரத்துறைக் கைமீட்டர்கள் பொதுவாக உலர்ந்த மரத்தின் எடையை அடிப்படையாக வைத்து ஈரத்தைச் சொல்லும். விறகுக்காரர்கள் சொல்வது மொத்த எடையில் தண்ணீர் எத்தனை பங்கு என்பது. மொத்த எடையில் 20 சதவீதம் என்பது உலர் எடைக் கணக்கில் 25. அதனால் மீட்டர் 23 காட்டியதும் அடுக்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

மீட்டர் இல்லையென்றால் காதைப் பயன்படுத்துங்கள். காய்ந்த இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கும். ஈரக்கட்டை "டொப்" என்று செத்த சத்தம் போடும். கையில் எடுத்தால் எடையிலும் தெரியும்.

ஈரம் ஏன் இவ்வளவு கெடுக்கிறது? தண்ணீரை ஆவியாக்கச் சூடு வீணாகிறது என்பார்கள். உண்மைதான், ஆனால் அது பாதி உண்மை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீராக இருக்கலாம். 10 கிலோ பச்சை விறகில் 5 கிலோ மரம், 5 கிலோ தண்ணீர். மரம் தரக்கூடியது கிலோவுக்குச் சுமார் 18 மெகாஜூல், ஆக 90. தண்ணீரைச் சூடேற்றி ஆவியாக்கக் கிலோவுக்குச் சுமார் 2.6, ஆக 13. ஏழில் ஒரு பங்கு மட்டுமே போகிறது. பெரிய இழப்பு அடுத்ததுதான்: அந்த நீராவி தீயைக் குளிரவைக்கிறது. 600 டிகிரி எட்டாத தீயில் வாயு எரியாமல் புகையாகப் போகிறது, போகும் வழியில் புகைபோக்கியில் படிகிறது. சூடும் போச்சு, குழாயும் பாழ்.

ஈர விறகை அடுப்புப் பக்கத்தில் நான்கு நாள் வைத்தால் காய்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மேல்தோல் காயும், அவ்வளவே. அடுப்பை ஒட்டி அடுக்கினால் தீப்பிடிக்கும் அபாயம் வேறு. காய வேண்டுமானால் பிளக்க வேண்டும். பட்டை என்பது மரத்துக்கு மழைக்கோட்டு. பிளக்காத கட்டையில் ஈரம் நுனி வழியாகத்தான் வெளியேற முடியும். முழங்கை அளவு பருமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் சட்டத்தின்மேல், காற்றும் வெயிலும் படும் இடத்தில் ஒற்றை வரிசையாக அடுக்குங்கள். மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்துவிடுங்கள். முழுக்கத் தார்ப்பாய் சுற்றினால் அது உலர்த்துவது இல்லை, ஊறுகாய் போடுவது. பைன் போன்ற மென்மரம் ஒரு நல்ல கோடையில் காய்ந்துவிடும். கடினமரத்துக்கு ஒரு வருஷம் முதல் இரண்டு வருஷம், ஓக் மரத்துக்கு அதற்கு மேலும் ஆகலாம்.

கண்ணாடி கறுக்கிறது

எப்படிக் கறுக்கிறது என்று பாருங்கள். மொத்தமாகப் பழுப்பும் கறுப்புமாக, பிசின் மாதிரி ஒட்டியிருந்தால் தீ சூடாக எரியவில்லை: ஈர விறகு அல்லது காற்றைச் சீக்கிரமே குறைத்துவிட்டது. இந்த அடுப்புகளில் கண்ணாடியின் மேலிருந்து ஒரு காற்றுத்திரை கீழே வழிந்து அதைச் சுத்தமாக வைத்திருக்கும். திறப்பை முழுக்க அடைத்தால் அந்தத் திரையும் நின்றுபோகும். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் கறை என்றால் கட்டை கண்ணாடியில் சாய்ந்திருக்கிறது, அல்லது அந்தப் பக்கத்தில் கதவிடுக்கை அடைக்கும் கேஸ்கெட் கயிறு நைந்துவிட்டது. கீழ் மூலைகளில் லேசான கறுப்பு எல்லா அடுப்பிலும் வரும், விட்டுவிடுங்கள். வெள்ளையாகப் பனித்திரை போல் படிந்தால் அது சாம்பல்தான்.

துடைக்க விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். அடுப்பு முழுக்க ஆறியபின் ஈரச் செய்தித்தாளை நைசான சாம்பலில் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் போதும். கம்பி நார் வேண்டாம், கீறும்.

நன்றாக எரிந்த அடுப்பு இப்போது கதவைத் திறந்தாலே புகைகிறது

"முன்பு இல்லை, இப்போது வருகிறது" என்றால் எங்கோ அடைத்திருக்கிறது. மூன்று இடங்களைப் பாருங்கள். அடுப்பின் உச்சியில் படுக்கையாகக் கிடக்கும் உள்தடுப்பின் மேல்புறம். குழாயைச் சுத்தம் செய்யும்போது விழுந்த கரி அங்கேயே தங்கிவிடும், கழற்றினால்தான் தெரியும். அடுத்து, கூரை உச்சியில் இருக்கும் தொப்பியின் வலை. பறவை வராமல் இருக்கப் போட்ட அந்த வலையில் கரி அப்பிச் சல்லடை மூடியே போயிருக்கும். மூன்றாவது குழாயே.

எதுவும் அடைக்கவில்லையா? உங்கள் கையைப் பாருங்கள். சுவாலை மும்முரமாக எரியும்போது கதவை வெடுக்கென்று திறந்தால் எந்த அடுப்பும் புகையும். காற்றுத் திறப்பை முழுக்கத் திறந்து ஒரு நிமிஷம் பொறுங்கள், கதவை விரற்கடை விலக்கி நாலைந்து நொடி நில்லுங்கள், பிறகு மெல்லத் திறங்கள். அதைவிட, விறகு தணலாகும்வரை கதவைத் தொடாமலே இருப்பது நல்லது.

வெளியே கெட்டியான புகை

தீ மூட்டி அரை மணி நேரம் கழித்து வெளியே போய்ப் புகைபோக்கியை அண்ணாந்து பாருங்கள். நன்றாக எரியும் அடுப்பில் அநேகமாக ஒன்றும் தெரியாது. குழாய் வாயில் சூட்டில் காற்று நெளிவது மட்டும் தெரியும். கடுங்குளிரில் வெண்ணிறமாக ஏதாவது வந்தால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். நீராவி சற்றுத் தூரத்திலேயே கரைந்து காணாமல் போகும். நீலச் சாம்பல் நிறத்தில் கலையாமல் நீண்டு தவழ்ந்தால் அது புகை. அதில் நுண்துகள்கள் இருக்கின்றன, பி.எம். 2.5 என்று அளப்பது இவற்றைத்தான். நுரையீரலின் ஆழம்வரை போகும் இவற்றில் உங்கள் பங்கும் உண்டு, பக்கத்து வீட்டுக் குழந்தையின் பங்கும் உண்டு.

விறகு காய்ந்ததுதான் என்று உறுதியாகத் தெரிந்தால், இங்கே குற்றவாளி காற்றைக் குறைக்கும் அவசரம். விறகு மிச்சமாகட்டும் என்று திறப்பை அடைக்கிறோம், சுவாலை அணைகிறது, கட்டை மட்டும் கனன்று வாயுவைக் கக்குகிறது, அது எரியாமல் போகிறது. விறகு மிச்சமாகவில்லை, மெதுவாக வீணாகிறது.

நான் செய்வது இது. தணலை முன்பக்கமாக இழுத்துவிட்டு, இரண்டு மூன்று கட்டைகளை இடைவெளி விட்டு வைப்பேன். ஒரே கட்டையைத் தனியாகப் போட்டால் எரியாது, ஒன்றுக்கொன்று சூடு கொடுத்துக்கொள்ளத் துணை வேண்டும். காற்று முழுக்கத் திறந்திருக்கும். எல்லாக் கட்டையின் விளிம்பும் கறுத்துச் சுவாலை பிடித்தபின் திறப்பை முக்கால் ஆக்குவேன், ஐந்து நிமிஷம் கழித்துப் பாதி, பிறகு இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு தடவையும் சுவாலையைப் பார்ப்பேன். சோம்பலாக ஆடிக்கொண்டிருந்தால் சரி. செத்துவிட்டால் ஒரு படி பின்னால்.

காந்த வெப்பமானி வைத்திருப்பவர்கள் அதை அடுப்புக்கு மேலே சுமார் 45 செ.மீ. உயரத்தில் குழாயில் ஒட்டுங்கள். ஒற்றைச் சுவர்க் குழாயின் வெளிப்பரப்பில் 115 முதல் 245 டிகிரிவரை நல்ல எல்லை. அதற்குக் கீழே நெடுநேரம் நின்றால் கிரியோசோட் படியும். மேலே போனால் சூடு வீட்டுக்கு வராமல் வானத்துக்குப் போகிறது. இரட்டைச் சுவர்க் குழாய் என்றால் வெளிப்பரப்பு எண் பொய் சொல்லும், உள்ளே துளைத்து வைக்கும் வெப்பமானிதான் வேண்டும். புகையைக் குறைந்த சூட்டிலேயே எரியவைக்கும் வினையூக்கி வைத்த அடுப்பில் இன்னொரு விதி: வினையூக்கி 260 டிகிரி அளவுக்குச் சூடானபின்தான் புகையை அதன் வழியே திருப்ப வேண்டும்.

"பொத்" என்று சின்னதாக வெடிக்கிறது

இடுக்குகளிலிருந்து புகை பிதுங்கும், கதவு அதிரும், வீட்டில் இருப்பவர்கள் உங்களைப் பார்ப்பார்கள். புது விறகு போட்ட உடனே காற்றை அடைத்ததால் பெட்டிக்குள் எரியாத வாயு சேர்ந்து, கொஞ்சம் காற்று கிடைத்ததும் ஒரே மூச்சில் பற்றியிருக்கிறது. கதவைத் திறக்காதீர்கள், அப்படியே காற்றுத் திறப்பை மட்டும் மெல்லத் திறங்கள். அடுத்த முறை விறகு போட்டால் சுவாலை நிலைக்கும்வரை காற்றைக் குறைக்க வேண்டாம்.

காற்றைக் குறைத்தும் அடங்கவில்லை

குழாய் வெப்பமானி ஏறிக்கொண்டே போகிறது, அடுப்பின் ஒரு பாகம் மங்கலாகச் சிவக்கிறது. எல்லாத் திறப்பையும் மூடுங்கள், கதவைத் திறக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். முதலில் சாம்பல் தட்டின் கதவைப் பாருங்கள். பாதிக்குப் பாதி அது சரியாக மூடாமல் இருக்கும். பொடிப்பொடியாகப் பிளந்த உலர்ந்த சிராய்களைக் கூடை கூடையாகப் போட்டிருந்தாலும் இப்படி ஆகும்.

இரண்டும் இல்லையென்றால் காற்று திருட்டு வழியில் வருகிறது. அடுப்பு ஆறியபின் ஒரு தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். பிடிப்பாக இருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கேஸ்கெட் போய்விட்டது. சுற்றிலும் கையகல இடைவெளியில் இப்படிச் சோதியுங்கள். கயிறு மாற்றும்போது பழைய பருமனிலேயே வாங்குங்கள், தடிமனானதைத் திணித்தால் கதவே மூடாது. பழைய வார்ப்பிரும்பு அடுப்பானால் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உள்ளே டார்ச் வைத்துப் பாருங்கள். மூட்டுகளில் வெளிச்சம் கசிகிற இடத்தில் காற்றும் கசிகிறது.

அடுப்பு தகிக்கிறது, வீடு குளிர்கிறது

காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 4 கிலோவாட் மணி இருக்கிறது. நல்ல அடுப்பு அதில் முக்கால் பங்கை அறைக்குக் கொடுக்கும், அதாவது 3. மணிக்கு இரண்டு கிலோ எரித்தால் 6 கிலோவாட் ஹீட்டர் ஓடுவதற்குச் சமம். இவ்வளவு கொடுத்தும் ஒரு நடுத்தர அறை சூடாகவில்லையென்றால் பானையில் ஓட்டை இருக்கிறது: பரண், ஜன்னல் இடுக்கு, கதவடி. அந்தக் காசை அடுப்பில் போடாமல் அங்கே போடுங்கள்.

அறை சூடாகி அடுத்த அறை மட்டும் குளிர்ந்தால் ஒரு தந்திரம் உண்டு. சூட்டை அங்கே தள்ள எல்லோரும் விசிறியை அடுப்புப் பக்கம் வைப்பார்கள். அப்படி அல்ல; குளிர்ந்த அறையின் தரையில் ஒரு சின்ன விசிறியை வைத்து, குளிர்காற்றை அடுப்பை நோக்கித் தள்ளுங்கள். கனமான காற்று தரையோடு வரும், சூடான காற்று கூரையோடு அந்த அறைக்குப் போகும்.

பெரிய அடுப்பு வாங்கினால் தீரும் என்று மட்டும் நினைக்காதீர்கள். பெரிய அடுப்பு அறையை வேகவைக்கும், நீங்கள் காற்றை அடைப்பீர்கள், அது கனன்று புகையும். சின்ன அடுப்பைச் சுறுசுறுப்பாக எரிப்பது எப்போதும் மேல்.

விடியும்வரை தாங்கவில்லை

தாங்க வேண்டியதும் இல்லை. ராத்திரி முழுக்கத் தீ நிற்க வேண்டுமென்று காற்றை அடைப்பவர்களின் புகைபோக்கிதான் முதலில் தாரால் நிரம்புகிறது. தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தடிமனான உலர்ந்த கட்டைகளை வைத்து, நன்றாகப் பிடித்தபின் படிப்படியாகக் குறையுங்கள். காலையில் சாம்பலைக் கிளறினால் தணல் கிடைத்தால் போதும், நாலு சுள்ளியில் தீ எழும். அடர்த்தியான கடினமரத்தில் தணல் நீடிக்கும். எடைக்கு எடை பார்த்தால் சூடு எல்லா மரத்துக்கும் ஏறத்தாழ ஒன்றே.

நேரெதிர்த் தொல்லையும் உண்டு: தணல் குவிந்துகொண்டே போய்ப் பெட்டி நிரம்பிவிடும், சூடும் இருக்காது. தணலை முன்னால் இழுத்து, மேலே ஒரே ஒரு மெல்லிய சிராய் போட்டுக் காற்றைத் திறந்துவிடுங்கள், அரை மணியில் வடியும்.

குழாய் மூட்டில் கறுப்பாக ஒழுகுகிறது

எரியாத வாயு குளிர்ந்த குழாயில் பட்டுத் திரவமாகிறது. புகையின் சூடு சுமார் 120 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இது மும்முரமாக நடக்கும். விறகையும் எரிக்கும் முறையையும் திருத்த வேண்டும், கூடவே குழாயை எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஒவ்வொரு துண்டின் ஒடுங்கிய முனையும் கீழ்நோக்கி, அடுத்த துண்டுக்குள் நுழைந்திருக்க வேண்டும். அப்போது ஒழுகுவது உள்ளேயே வழிந்து அடுப்பில் விழுந்து எரிந்துபோகும். தலைகீழாக மாட்டினால் மூட்டு வழியாகத் தரையில் சொட்டும். மாட்டுபவர்கள் அடிக்கடி செய்யும் தப்பு இது.

படிவத்தைக் கையால் தொட்டால் அடுப்பின் ஜாதகம் தெரியும். பொடியாக உதிர்ந்தால் சாதாரணக் கரி, தூரிகைக்கு வந்துவிடும். மொறுமொறுவென்று சில்லாகப் பெயர்ந்தால் எச்சரிக்கை. கண்ணாடி பூசியதுபோல் பளபளவென்று கெட்டித்திருந்தால் தூரிகை அதன்மேல் வழுக்கும். தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், அதுவரை எரிக்காதீர்கள். படிவம் 3 மில்லிமீட்டரைத் தொட்டால் துடைத்தாக வேண்டும், இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை. எரித்தால் குழாய் சுத்தமாகும் என்று விற்கும் ரசாயனக் கட்டைகள் படிவத்தைத் தளர்த்தலாம், தூரிகைக்கு ஈடாகாது.

சின்னச் சின்ன விஷயங்கள்

புது அடுப்பில் பெயின்ட் நாற்றம்: முதல் சில தீ சின்னதாக, ஜன்னல் திறந்து வைத்து, போய்விடும். டக் டக் சத்தம்: இரும்பு விரிந்து சுருங்குகிறது. உள்சுவரில் சூடு தாங்கும் வெர்மிக்குலைட் பலகையில் மயிரிழை விரிசல்: துண்டாகி விழும்வரை கவலையில்லை. பச்சையாகவோ வேறு விசித்திர நிறத்திலோ சுவாலை, மூக்கை அரிக்கும் நெடி: போட்டது விறகு இல்லை. பெயின்ட் அடித்த பலகை, பூச்சிமருந்து ஏற்றிய மரம், பிளைவுட், பிளாஸ்டிக், கடலில் ஊறி ஒதுங்கிய உப்புக்கட்டை, இவை எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது. புகையும் நஞ்சு, இரும்பும் அரிக்கும்.

சாம்பலை மொத்தமாக வழித்தெடுத்தால் அடுத்த தீ பற்றச் சிரமப்படும். இரண்டு மூன்று செ.மீ. படுக்கை விட்டுவிட்டு மீதியை எடுங்கள். எடுத்ததை எங்கே வைப்பது என்பதில்தான் வீடுகள் எரிந்திருக்கின்றன. நீறு பூத்த நெருப்பு என்பது வெறும் பேச்சில்லை. ஒருமுறை ஆறிவிட்டது என்று நினைத்து வாளியைத் தாழ்வாரத்து மரப்பலகைமேல் வைத்தேன். மூன்றாம் நாள் கொட்டப் போகும்போது குச்சியால் கிளறினால், நடுவில் சுண்டைக்காய் அளவு கங்கு ஒன்று செக்கச்செவேலென்று கண்ணைத் திறந்தது. வாளியின் அடிவட்டம் பலகையில் பழுப்பாகப் பதிந்திருந்தது. இப்போது மூடி போட்ட இரும்பு வாளி, விறகடுக்கிலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளி, சிமென்டுத் தரையில் நிற்கிறது. ஒரு வாரம் ஆகாமல் நான் அதைக் கொட்டுவதில்லை.